சிறுதொழில் நிலைக்க எது வேண்டும்? பீகார் தரும் பாடம்



இந்த மாதப் பாடத்திற்கு நாம் நமது ஊரை விட்டு வெகுதூரம் போக வேண்டியிருக்கிறது. அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு ரமளானுக்குச் சில வாரங்களுக்கு முன், அஸர் தொழுகை முடிந்து அலுவலகத்தைத் திறந்தபோது வாசலில் ஓர் இளைஞர் நின்றிருந்தார். பீகார் மாநிலம் அராரியா மாவட்டத்துக்காரர். நமது ஊரில் பள்ளிக்கூடப் பை தைக்கும் பட்டறையில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்ப்பவர். ஜும்ஆவில் கடைசி வரிசையில் நிற்கும் அவரை உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். "சாச்சா, ஊருக்குப் போய் நானே பட்டறை போடணும். இரண்டு மிஷின், கொஞ்சம் துணி, ஜிப். நாற்பதாயிரம் கடன் தருவீங்களா? வட்டி இல்லாம குடுக்கிறீங்கன்னு சொன்னாங்க" என்று அரைகுறைத் தமிழில் கேட்டார்.

நமது அறக்கட்டளையின் விதிப்படி கர்ளன் ஹஸனா நமது ஜமாஅத் எல்லைக்குள் வசிப்போருக்கு மட்டும்தான். அதைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் கேட்ட இன்னொரு கேள்வி எங்களைப் பிடித்துக்கொண்டது. "இங்கே கடன் வாங்கினவங்க எல்லாரும் கடை நடத்துறாங்களா, சாச்சா?"

எங்களிடம் அதற்கு உடனே பதில் இல்லை. பதிவேட்டை எடுத்துப் பார்த்தோம். மூன்று ஆண்டுகளில் ஜகாத் நிதியிலிருந்து 11 சகோதரிகளுக்குத் தையல் மிஷின் கொடுத்திருக்கிறோம். கொடுத்த நாளில் எடுத்த புகைப்படங்கள் இந்த இதழிலேயே வந்தன. அந்த 11 மிஷின்களில் ஓடிக்கொண்டிருப்பவை நான்கு. மூன்று, வீட்டு மூலையில் துணி மூடிக் கிடக்கின்றன. மற்றவை விற்கப்பட்டுவிட்டன. விற்றவர்களின் பெயருக்கு எதிரே நாங்களே எங்கள் கையால் 'பயன்படுத்தவில்லை' என்று எழுதி வைத்திருந்தோம்.

அந்த வார்த்தை சரிதானா என்ற கேள்விதான் இந்தக் கட்டுரையின் தொடக்கம். அந்த இளைஞரின் மாநிலத்தில் சிறுதொழில் செய்வோர் எப்படி நிற்கிறார்கள், எதில் விழுகிறார்கள், அவர்களைத் தூக்கிவிட என்னென்ன செய்து பார்த்திருக்கிறார்கள் என்று தேடிப் படித்தோம். படித்ததில் நமக்கு உதவும் என்று பட்டதை உங்கள் முன் வைக்கிறோம்.

கிராமங்களின் மாநிலம்

2011 கணக்கெடுப்பின்படி பீகாரின் மக்கள்தொகை 10 கோடியே 40 லட்சத்துக்கும் மேல். அவர்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 89 பேர் கிராமங்களில் வாழ்கிறார்கள். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 48 பேருக்கு மேல் நகரவாசிகள். இந்த வித்தியாசத்தை மனதில் நிறுத்திக்கொண்டால் மற்றவை எளிதாகப் புரியும். நமது ஊரில் ஒருவர் பெட்டிக்கடை போட்டால், கையில் மாதச் சம்பளமோ வாரக் கூலியோ புரளும் மக்கள் சுற்றிலும் இருக்கிறார்கள். பீகார் கிராமத்தில் கடை போடுபவரின் வாடிக்கையாளரும் அவரைப் போன்ற ஏழைதான். அறுவடைக் காலத்திலும், வெளியூர் போன மகன் பணம் அனுப்பும்போதும்தான் அவர் கையில் காசு வரும். மற்ற நாட்களில் 'எழுதிக்கொள்ளுங்கள்' என்பார். கடைக்காரரும் எழுதிக்கொள்வார். நோட்டில் லாபம் இருக்கும், கல்லாவில் இருக்காது.

பீகாருக்குத் தொழில் வராமல் போனதற்குப் பழைய காரணங்கள் உண்டு. நிலக்கரி, இரும்பு போன்ற கனிமங்களை நாட்டின் எந்த மூலைக்கும் ஏறக்குறைய ஒரே விலையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கை 1952-இல் வந்து நாற்பது ஆண்டுகள் நீடித்தது. கனிமம் தோண்டப்படும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஆலை வைத்தால் கிடைத்திருக்க வேண்டிய ஆதாயம் அதனால் இல்லாமல் போனது. அன்றைய பீகாரின் தோல்வியில் நமது மாநிலம் போன்ற கடலோர மாநிலங்களின் வளர்ச்சிக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதை நாம் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். பிறகு 2000 நவம்பர் 15-இல் ஜார்க்கண்ட் தனி மாநிலமானபோது ஜாம்ஷெட்பூர், பொக்காரோ, தன்பாத் எல்லாம் அங்கே போய்விட்டன. பீகாரிடம் மிஞ்சியது வயலும், ஆறும், மனிதர்களும்.

ஆறு என்றால் சாதாரண ஆறு அல்ல. 2008 ஆகஸ்டில் நேபாளத்தில் குசஹா என்ற இடத்தில் கோசி ஆற்றின் கரை உடைந்தது. சுபௌல், மதேபுரா, அராரியா உள்ளிட்ட மாவட்டங்களில் 30 லட்சத்துக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள். நம்மிடம் கடன் கேட்ட இளைஞரின் தகப்பனார் அப்போது ஒரு சிறு மளிகைக்கடை வைத்திருந்தாராம். தண்ணீர் வடிந்தபோது கடையில் அரிசி மூட்டை இருந்த இடத்தில் மணல்மேடு இருந்தது என்றார். அந்தச் சரக்கில் பாதி, மொத்த வியாபாரியிடம் கடனாக எடுத்தது. கடை போனது, கடன் இருந்தது. மூத்த அண்ணன் லூதியானாவுக்கும், இவர் பின்னாளில் நமது ஊருக்கும் புறப்பட்டது இப்படித்தான்.

வங்கி இருக்கிறது, பணம் தங்குவதில்லை

சிறுதொழிலுக்கு முதல் வேண்டும். பீகார் மக்கள் வங்கியில் போடும் பணத்தில் அந்த மாநிலத்துக்குள்ளேயே கடனாகத் திரும்புவது நெடுங்காலமாகப் பாதியை ஒட்டித்தான் இருந்து வருகிறது. தமிழ்நாட்டில் அது நூற்றுக்கு நூறையும் தாண்டுகிறது. எளிமையாகச் சொன்னால், அராரியாவில் ஒரு தாய் சிறுகச் சிறுகச் சேர்த்து வங்கியில் போடும் நூறு ரூபாயில் ஏறத்தாழ பாதி, வேறு மாநிலத்துக்காரர் தொழில் நடத்தப் போய்விடுகிறது. அதே தாயின் மகன் கடன் கேட்டுப் போனால் ஜாமீன் கேட்கிறார்கள், பட்டா கேட்கிறார்கள்.

வங்கி கொடுக்காத இடத்தில் நுண்கடன் நிறுவனங்கள் நுழைந்தன. நாட்டில் நுண்கடன் நிலுவை மிக அதிகமாக உள்ள மாநிலங்களில் பீகாரும் தமிழ்நாடும் முன்வரிசையில் நிற்கின்றன. அண்மை ஆண்டுகளில் பீகார் நம்மைத் தாண்டி முதலிடத்துக்குப் போனது. ஆண்டுக்கு 20 விழுக்காட்டுக்கு மேல் வட்டி, வாரம் அல்லது மாதம் தவறாத தவணை, ஒருவர் கட்டாவிட்டால் குழுவில் மற்றவர்கள் தலையில். இதைப் பற்றி நமது தெருக்களில் உள்ள சகோதரிகளுக்கு நாம் எதுவும் விளக்கத் தேவையில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் எந்த வீட்டு வாசலில் எத்தனை செருப்பு கிடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

வட்டி ஹராம் என்று மிம்பரில் சொல்வது ஆலிம்களின் கடமை, அதை அவர்கள் செய்கிறார்கள். வட்டியில்லாத கதவு ஒன்றைத் திறந்து வைப்பது நம்மைப் போன்ற அமைப்புகளின் கடமை. அதை நாம் எவ்வளவு செய்தோம் என்று கேட்டால் தலை குனிய வேண்டியிருக்கிறது. பாட்னாவில் அல்கைர் கூட்டுறவுக் கடன் சங்கம் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வட்டியின்றிக் கடன் கொடுத்து வருகிறது. காய்கறி வண்டிக்காரர், சிறு கடைக்காரர், கைத்தொழில் செய்பவர் ஆகியோர்தான் அதன் உறுப்பினர்கள். முஸ்லிம் அல்லாதவர்களும் இருக்கிறார்கள். சிறு சிறு சேமிப்பைத் திரட்டி, அதிலிருந்து கடன் கொடுத்து, நிர்வாகச் செலவுக்கு மட்டும் சேவைக் கட்டணம் வாங்குகிறார்கள். இதில் எங்களுக்குப் பிடித்தது ஒன்று: அவர்கள் முதலில் சேமிப்பைக் கேட்கிறார்கள், கடன் பிறகுதான். ஒருவர் தினமும் இருபது ரூபாய் எடுத்து வைக்கப் பழகிவிட்டார் என்றால் தவணை கட்டவும் பழகிவிட்டார் என்று பொருள். நாம் நேர்மாறாக, கடனைக் கொடுத்துவிட்டு ஒழுங்கை எதிர்பார்த்தோம்.

தறி இருந்தும் நூல் இல்லை

பாகல்பூரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தஸ்ஸர் பட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். சம்பாநகர், நாத்நகர் பகுதிகளில் நெய்பவர்களில் பெரும்பாலோர் அன்சாரிகள், அதாவது நமது மக்கள். பட்டுக்கு 'பாகல்பூர் சில்க்' என்று புவிசார் குறியீடும் இருக்கிறது. இவ்வளவு பெயர் இருந்தும் நெசவாளர் ஏன் ஏழையாகவே இருக்கிறார்?

தஸ்ஸர் கூடு பெரும்பாலும் ஜார்க்கண்ட் காடுகளில் விளைகிறது. முன்பு ஒரே மாநிலம், இப்போது வேறு. வெளிநாட்டு நூலும் கலக்கிறது. நூலின் விலை நெசவாளர் கையில் இல்லை. மொத்தமாக வாங்கி வைக்க முதல் இல்லாததால் 'மகாஜன்' எனப்படும் வியாபாரி நூலைக் கொடுக்கிறார், நெய்து கொடுத்த துணிக்கு மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி தருகிறார். தறி நெசவாளருடையது, கரண்டுக் கட்டணம் அவருடையது, பாவு அறுந்தால் நஷ்டம் அவருடையது. துணி மட்டும் அவருடையது அல்ல. சொந்தத் தறி வைத்திருக்கும் கூலிக்காரர் என்று சொல்லலாம். நமது பகுதியில் பாய் முடைபவர்களும் பீடி சுற்றுபவர்களும் இதைப் படித்தவுடன் தலையசைப்பார்கள்.

1989 அக்டோபரில் தொடங்கிய கலவரம் அந்த ஊரை அழித்தது. ஆயிரம் பேர் வரை உயிரிழந்தார்கள், பெரும்பாலோர் முஸ்லிம்கள். வீடுகளோடு தறிகளும் எரிந்தன. உயிருக்கு இழப்பீடு என்று ஏதோ ஒன்று பேசப்பட்டது. தறி எரிந்தவரின் கடன், வாடிக்கையாளர், நூல் கொடுப்பவரின் நம்பிக்கை எல்லாம் சேர்ந்தே எரிந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது? பட்டு வியாபாரத்தில் நெய்பவரும் விற்பவரும் பல இடங்களில் வெவ்வேறு சமுதாயத்தினர். ஒருவரை ஒருவர் நம்பிச் சரக்கு கொடுத்தால்தான் தறி ஓடும். சிறுதொழிலுக்கு ஊர் அமைதியும் ஒரு முதல்தான், அதைப் போடுவது எல்லோருடைய பொறுப்பு.

மக்கானாவிலும் இதே கதைதான், கொஞ்சம் வேறு வடிவத்தில். இப்போது நமது ஊர்க் கடைகளிலும் வெள்ளை வெள்ளையாகப் பாக்கெட்டில் விற்கிறதே, அதைத் தாமரை விதை என்று பலர் நினைக்கிறார்கள். அது குளங்களில் வளரும் வேறொரு முள் அல்லியின் விதை. இந்தியாவின் மக்கானாவில் மிகப் பெரும்பகுதி வடக்கு பீகாரின் மிதிலை, சீமாஞ்சல் பகுதிகளில் விளைகிறது. சீமாஞ்சல் என்பது அராரியா, கிஷன்கஞ்ச், பூர்ணியா, கட்டிஹார் மாவட்டங்கள். கிஷன்கஞ்சில் மூவரில் இருவருக்கு மேல் முஸ்லிம்கள். குளத்தின் அடிச் சேற்றில் மூழ்கி விதையைத் திரட்டி, காயவைத்து, வறுத்து, சூடு ஆறுவதற்குள் மரச் சுத்தியால் அடித்துப் பொரிய வைக்கிறார்கள். விரல் சுடும் வேலை. பெரும்பாலும் மல்லா சமூகத்தினர் தலைமுறைகளாகச் செய்துவருவது. 2022-இல் 'மிதிலா மக்கானா' புவிசார் குறியீடு பெற்றது, 2025-இல் மத்திய அரசு மக்கானா வாரியம் அறிவித்தது. நல்லதே. ஆனால் தரம் பிரித்து, மசாலா தடவி, பாக்கெட்டில் அடைத்துப் பெயர் ஒட்டுபவருக்குத்தான் பெரிய லாபம். அந்த வேலை நெடுங்காலமாக மாநிலத்துக்கு வெளியேதான் நடந்து வந்தது.

அரசு என்ன செய்து பார்த்தது?

பீகார் அரசு சும்மா இருக்கவில்லை. முதலமைச்சர் உத்யமி திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை தருகிறார்கள். அதில் பாதி மானியம், மீதிப் பாதி வட்டியில்லாத கடன் (இளைஞர் பிரிவுக்கு மட்டும் 1 விழுக்காடு வட்டி). 84 மாதத் தவணையில் திருப்பிக் கட்டலாம். 2018-இல் பட்டியல் இனத்தவருக்கு என்று தொடங்கி, மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், இளைஞர்கள் என்று விரிந்து, 2023-இல் சிறுபான்மையினரும் சேர்க்கப்பட்டார்கள். விண்ணப்பித்தவர்களைக் கணினிக் குலுக்கலில் தேர்ந்தெடுக்கிறார்கள். சிபாரிசுக்கு இடமில்லை என்பது பெரிய விஷயம். ஆனால் பன்னிரண்டாம் வகுப்போ ஐ.டி.ஐ.யோ முடித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறது. பத்து வயதில் தறிக்குழியில் இறங்கிய ஒருவர், நாற்பது வயதில் நாட்டிலேயே சிறந்த தஸ்ஸர் நெசவாளராக இருக்கலாம், விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே நின்றுவிடுவார். திறமை ஒரு கையிலும் சான்றிதழ் இன்னொரு கையிலும் இருப்பது நமது சமுதாயத்தின் பழைய நோய். பிள்ளைகளைப் பத்தாம் வகுப்போடு கடைக்கு அனுப்பும் தகப்பனார்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்க வேண்டும்.

பீகாரில் சாதிவாரிக் கணக்கெடுப்பு நடத்தி 2023-இல் வெளியிட்டபோது, மாதம் 6,000 ரூபாய்க்குள் வருமானம் உள்ள குடும்பங்கள் 94 லட்சத்துக்கும் மேல் என்று தெரிய வந்தது. மாநிலத்துக் குடும்பங்களில் மூன்றில் ஒன்று. அவர்களுக்காக லகு உத்யமி திட்டம் 2024-இல் வந்தது. 2 லட்சம் ரூபாய், முழுவதும் மானியம், மூன்று தவணையாக. முதல் தவணையை எதற்குச் செலவிட்டார் என்று காட்டினால்தான் அடுத்தது. 2025 செப்டம்பரில், தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு, குடும்பத்துக்கு ஒரு பெண் என்று 10,000 ரூபாய் தொழில் தொடங்கக் கொடுத்தார்கள். பத்தாயிரத்தில் ஆடு வாங்கியவரும் உண்டு, அரிசி வாங்கியவரும் உண்டு என்று நமது இளைஞர் சிரித்துக்கொண்டே சொன்னார். அரிசி வாங்கியவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

சன்பட்டியா என்ற ஊரையும் சொல்லிவிடுகிறோம். மேற்குச் சம்பாரண் மாவட்டம். 2020 ஊரடங்கில் சூரத், லூதியானா, டெல்லியிலிருந்து வேலையிழந்து திரும்பியவர்களைத் தனிமைப்படுத்தி வைத்திருந்த மையங்களிலேயே, யாருக்கு என்ன வேலை தெரியும் என்று மாவட்ட நிர்வாகம் கணக்கெடுத்தது. தைக்கத் தெரிந்தவர்கள், எம்ப்ராய்டரி தெரிந்தவர்கள் என்று பிரித்து, காலியாகக் கிடந்த கிடங்குகளில் இடம் கொடுத்து, மின் இணைப்பும் வங்கிக் கடனும் ஏற்பாடு செய்தார்கள். நேற்றுவரை கூலிக்குத் தைத்தவர்கள் அங்கே முதலாளிகளானார்கள். எங்கள் கருத்து என்னவென்றால், அங்கே வென்றது பணம் மட்டுமல்ல. இடம், கரண்டு, மிஷின், பக்கத்தில் அதே தொழில் செய்யும் பத்துப் பேர் எல்லாம் ஒரே சமயத்தில் கிடைத்தன. மிஷின் ரிப்பேர் ஆனால் பக்கத்துக் கூடத்தில் கேட்கலாம், ஆர்டர் அதிகம் வந்தால் பகிர்ந்துகொள்ளலாம். நமது 11 சகோதரிகளும் 11 வீடுகளில் தனித்தனியாக உட்கார்ந்திருந்தார்கள்.

மிஷினும் சோறும்

இப்போது எங்களை மிகவும் சிந்திக்க வைத்த விஷயத்துக்கு வருகிறோம். பீகாரின் 'ஜீவிகா' மகளிர் குழுக்களில் ஒரு கோடிக்கும் அதிகமான பெண்கள் இருக்கிறார்கள். (மகளிர் குழு என்ற ஏற்பாட்டை 1989-இல் தர்மபுரியில் அரசுத் திட்டமாகத் தொடங்கி வழிகாட்டிய மாநிலம் நமது தமிழ்நாடு என்பதைச் சற்றே பெருமையுடன் சொல்லிக்கொள்ளலாம்.) அந்தக் குழுக்களில்கூடச் சேர முடியாத பரம ஏழைகள் உண்டு. கணவனை இழந்தவர், கைவிடப்பட்டவர், வீட்டில் சம்பாதிக்க ஆள் இல்லாதவர். அவர்களுக்காக 2018-இல் 'சதத் ஜீவிகோபார்ஜன்' திட்டம் வந்தது. வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 2002-இல் தொடங்கிய முறையைத் தழுவியது.

அதில் பணத்தைக் கையில் கொடுப்பதில்லை. பெட்டிக்கடைச் சரக்கோ, ஆடோ, தொழிலுக்கு வேண்டியதைப் பொருளாக வாங்கித் தருகிறார்கள். கூடவே மாதம் 1,000 ரூபாய் வீதம் 7 மாதங்களுக்குச் சாப்பாட்டுச் செலவு. தொழிலில் வருமானம் வரத் தொடங்கும் வரை அந்தப் பெண் முதலைத் தின்றுவிடாமல் இருப்பதற்காக. அதோடு பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கே வந்து, சரக்கு எவ்வளவு மிச்சம், யார் யார் பாக்கி, சேமிப்பு எவ்வளவு என்று கூட உட்கார்ந்து கணக்குப் பார்க்கிறார். இரண்டு ஆண்டுகள் வரை இந்தத் துணை நீடிக்கிறது. இதே முறையை இந்தியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா உள்ளிட்ட ஆறு நாடுகளில் சோதித்து 2015-இல் ஆய்வு வெளியிட்டார்கள். திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் அந்தக் குடும்பங்களின் வருமானமும் உணவும் மேம்பட்டே இருந்தன என்று அது காட்டியது.

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் நிர்வாகக் குழுவில் ஒருவர், "இது நமக்குத் தெரிந்த சம்பவமாயிற்றே" என்றார். மதரஸாவில் ஓதியவர்கள் எல்லோரும் அறிந்த ஹதீஸ்தான். உதவி கேட்டு வந்த அன்சாரித் தோழரிடம் வீட்டில் என்ன இருக்கிறது என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். ஒரு விரிப்பும் ஒரு பாத்திரமும். அவற்றைத் தாமே ஏலம் விட்டு இரண்டு திர்ஹம் பெற்று, ஒன்றில் குடும்பத்துக்கு உணவு வாங்கச் சொன்னார்கள். மற்றொன்றில் கோடரி வாங்கி வரச் செய்து, தம் கையாலேயே அதற்குக் காம்பு பொருத்திக் கொடுத்தார்கள். விறகு வெட்டி விற்று, பதினைந்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். அவர் பத்து திர்ஹத்துடன் வந்தார். இந்த ஹதீஸை உழைப்பின் சிறப்புக்காகத்தான் இதுவரை நாங்கள் மேடைகளில் சொல்லி வந்தோம். கோடரிக்கு முன்னால் ஒரு திர்ஹம் சாப்பாட்டுக்குப் போனதையும், குறித்த நாளில் வந்து கணக்குச் சொல்ல வைத்ததையும் நாங்கள் கவனிக்கவே இல்லை. நாங்கள் கோடரியை மட்டும் கொடுத்துவிட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டோம்.

மிஷினை விற்ற சகோதரிகளில் ஒருவரைப் போய்ப் பார்த்தோம். போன உடன் அவர் பயந்துவிட்டார், மிஷினைக் கேட்க வந்திருக்கிறோம் என்று நினைத்து. "அண்ணே, முதல் மாசம் இரண்டு ஜாக்கெட்தான் வந்துச்சு. பையனுக்கு மஞ்சள் காமாலை. எதை விக்கிறது? அதுதான் வீட்டுல விலை போற சாமான்" என்றார். அந்த மிஷின் ஒரு பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறது. நாங்கள் 'பயன்படுத்தவில்லை' என்று எழுதியிருந்தோம். அந்த வரியை அடித்துவிட்டோம். அவர் எங்களை மன்னிக்க வேண்டும்.

இனி நாம் செய்யப்போவது

நிர்வாகக் குழு கூடி, நமது இமாம் அவர்களிடமும் மஸ்அலா கேட்டு, சில முடிவுகள் எடுத்திருக்கிறோம். ஜகாத் பெறத் தகுதியான சகோதரிக்குத் தொழில் கருவி கொடுக்கும்போது, அத்துடன் ஆறு மாதங்களுக்கு வீட்டு மளிகையும் ஜகாத் நிதியிலிருந்தே கொடுக்கப்படும். ஜகாத்தாகக் கொடுத்தது அவருக்கே சொந்தம், அதைத் திருப்பிக் கேட்கவோ விற்றார் என்று கண்டிக்கவோ நமக்கு உரிமை இல்லை என்று இமாம் தெளிவுபடுத்தினார்கள். கடன் வேறு நிதி. அது ஸதகாவிலிருந்தும் உறுப்பினர் சேமிப்பிலிருந்தும் தனிக் கணக்காக நடக்கும். கடன் கேட்பவர் முதலில் மூன்று மாதம், எவ்வளவு சிறிய தொகையானாலும், சேமித்துக் காட்ட வேண்டும். கடைத்தெருவில் தொழில் செய்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் நால்வரும், தையற்கடை நடத்தும் சகோதரிகள் இருவரும், மாதம் இருமுறை கடன் பெற்றவர்களைச் சந்தித்துக் கணக்குப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பெண்கள் வீட்டுக்குப் பெண்களே போவார்கள். பள்ளிவாசலுக்குப் பின்புறம் உள்ள நமது கூடத்தில் நான்கு மிஷின்களும் ஓர் ஓவர்லாக் மிஷினும் போடப்படும். தனித்தனியாகத் தைப்பவர்கள் பகலில் அங்கே சேர்ந்து தைக்கலாம், பள்ளிச் சீருடை ஆர்டரைக் கூட்டாக எடுக்கலாம்.

தொழில் செய்யும் எல்லோரும் உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள். அது முழுக்க இலவசம். அதற்குப் பணம் கேட்பவரிடம் கொடுக்காதீர்கள், ஆதாரையும் கைபேசியையும் எடுத்துக்கொண்டு நமது அலுவலகத்துக்கு வாருங்கள். முன்பு நாங்கள் தயங்கிய காரியம் ஒன்றும் உண்டு: அரசுத் திட்டங்களுக்கு விண்ணப்பிக்கும் குடும்பங்களுக்குச் சாதிச் சான்று, வருமானச் சான்று எடுக்க உதவுவது. அலைச்சல் பிடித்த வேலை. ஒரு சகோதரர் வாரம் இரண்டு நாள் இதற்கென்றே உட்கார முன்வந்திருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.

அந்த இளைஞரைக் கேட்பீர்கள். விதியை மீறிக் கடன் நிதியிலிருந்து கொடுக்கவில்லை. "ஊர் விட்டு ஊர் போனவரிடம் எங்கே போய் வசூலிப்பது?" என்று குழுவில் கேட்டவரின் கேள்வியும் நியாயமானதே. அது பொதுப் பணம், அமானிதம். அவருடைய பட்டறை முதலாளி, ஓடும் நிலையில் இருந்த இரண்டு பழைய மிஷின்களை, நமது சகோதர சமயத்தைச் சேர்ந்தவர் அவர், தவணையில் தர ஒப்புக்கொண்டார். எங்களில் ஐந்து பேர் எங்கள் சொந்தப் பணத்தில் ஒரு தொகை சேர்த்துக் கொடுத்தோம். இப்போது அவர் அராரியாவில் வீட்டுத் திண்ணையிலேயே தைக்கிறார். மாதம் ஆயிரம் ரூபாய் கைபேசியில் வருகிறது. இரண்டு முறை தாமதம். முதல் முறை பள்ளிக்கூட சீசன் முடிந்து பை ஓடவில்லை, இரண்டாம் முறை மழை. இரண்டு தடவையும் தேதிக்கு முன்பே போன் செய்து சொல்லிவிட்டார். மிஷின் நன்றாக ஓடுகிறதாம். ஜிப்பும் ரன்னரும் பாட்னாவிலிருந்து வரவழைப்பதில்தான் லாபம் கரைகிறதாம். "பக்கத்து ஊர்ல இன்னும் மூணு பேர் பை தைக்கிறாங்க, சாச்சா. நாலு பேரும் சேர்ந்து ஒரே லாட்டா வாங்கலாமான்னு பேசிட்டு இருக்கோம்" என்று சென்ற வாரம் சொன்னார்.

புதிய முறையில் கடனுக்கும் தொழில் உதவிக்கும் விண்ணப்பப் படிவங்கள் வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்தில் கிடைக்கும். சகோதரிகள் சனிக்கிழமை காலை 10 மணி முதல் 1 மணி வரை வரலாம், அன்று பெண்கள் மட்டுமே அலுவலகத்தில் இருப்பார்கள். மிஷினை விற்றவர்களும் தயங்காமல் வாருங்கள்.